நீலக்குறிஞ்சியும் நெட்டைக்காலியும்: மூணாறு கேள்வி பதில்

மறையூரிலிருந்து: டீச்சர், நீலக்குறிஞ்சிச் செடியையும் நெட்டைக்காலி என்ற பாடும் பறவையையும் எப்படி ஒப்பிடுவது? பொருத்தமே இல்லையே!

பதில்: இரண்டுக்கும் வேண்டியது அதே மலைப் புல்வெளிதான். நீலக்குறிஞ்சி 1300 முதல் 2400 மீட்டர் உயரம் வரை வளரும். நீலகிரி நெட்டைக்காலியைப் பெரும்பாலும் 1500 மீட்டருக்கு மேலேதான் பார்க்கலாம். மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவில் இரண்டும் உண்டு.

தேவிகுளத்திலிருந்து: நெட்டைக்காலி குறிஞ்சித் தேன் குடிக்குமா அக்கா?

பதில்: இல்லை தம்பி. அதற்குப் புல்லுக்குள் இருக்கும் பூச்சிதான் சாப்பாடு. தேன் தேனீக்களுக்கு.

குண்டளையிலிருந்து: வயலில் பார்க்கும் பழுப்புக் குருவிதானே இது?

பதில்: அது வயல் நெட்டைக்காலி, சமவெளியிலும் இருக்கும். நம்முடையது இன்னும் கறுத்தது, முதுகில் அழுத்தமான கோடுகள். விரட்டினால் பக்கத்துப் புதரிலோ குட்டை மரத்திலோ போய் உட்காரும்.

வட்டவடையிலிருந்து: இரண்டில் எதற்கு ஆபத்து அதிகம்?

பதில்: என்னைக் கேட்டால் பறவைக்குத்தான், ஆனால் கூட்டம் என்னவோ பூவுக்குத்தான் வருகிறது. குறிஞ்சி பன்னிரண்டு வருடம் வளர்ந்து, ஒரே முறை மொத்தமாகப் பூத்து, விதையைச் சிதறிவிட்டுச் செத்துப்போகும். அத்தனை விதை ஒரே சமயத்தில் விழுவதால் தின்பவை தின்றது போக மிச்சம் இருக்கும். அதே சமயம், பூப்பதற்கு முன் சரிவு அழிந்தால் பன்னிரண்டு வருட வளர்ச்சியும் வீண். நெட்டைக்காலியோ ஆண்டுதோறும் தரையில், புல் தூருக்கு அடியில் கூடு கட்டும். ஒரு வருடம் புல் இல்லையென்றாலும் அந்த வருடம் குஞ்சு இல்லை. உங்கள் ஊரிலேயே பாருங்கள், கிராண்டிஸ் (ஒரு யூகலிப்டஸ் வகை), வாட்டில் (அயல்நாட்டு அகேசியா மரம்) வளர்ந்த இடத்தில் நிழல் விழுந்து புல் போய்விட்டது. வெட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். வாட்டில் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் கும்பலாக முளைக்கும். வெட்டிய பிறகு வருடக்கணக்கில் நாற்றுப் பிடுங்க ஆள் வேண்டும். அதற்குப் பணமும் வேண்டும்.

போடியிலிருந்து: 2018-இல் வெள்ளத்தால் வர முடியவில்லை. அடுத்த பூ எப்போது டீச்சர்?

பதில்: 2006, 2018, அடுத்து 2030. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. பறிக்காதீர்கள், சட்டப்படி குற்றம். நெட்டைக்காலிக்கு 2030 வரை காத்திருக்க வேண்டாம், அது வலசை போகாது. பைனாகுலரோடு காலையிலேயே வாருங்கள். பாதையை விட்டு மட்டும் இறங்காதீர்கள், கூடு காலடியில் இருக்கும்.