எந்தத் தேதிச் சேலம்? விக்கிப்பீடியா கேள்வி பதில்

தமிழ் விக்கிப்பீடியாவில் சேலம் மாவட்டத்தின் ஆட்சி, வரலாறு குறித்த கட்டுரைகளைத் தொகுக்கத் தொடங்கியிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கல்லூரி மாணவி, அம்மாபேட்டை: சார், சேலத்தின் மக்கள்தொகை 34,82,056 என்று போட்டேன். யாரோ ஒருவர் 8,29,267 என்று மாற்றிவிட்டார். இரண்டு பேருமே 2011 கணக்கெடுப்பைத்தான் மேற்கோள் காட்டியிருக்கிறோம். யார் சொல்வது சரி?

இரண்டும் சரியான எண்கள். உங்களுடையது மாவட்டத்துக்கு, அவருடையது மாநகராட்சி எல்லைக்கு. சேலம் என்ற பெயரில் நகரம், மாநகராட்சி, வட்டம், மாவட்டம், மக்களவைத் தொகுதி என்று தனித்தனிக் கட்டுரைகள் உண்டு. தேடல் பெட்டியில் 'சேலம்' என்று அடித்து முதலில் வந்த பக்கத்தைத் திறந்து எண்ணைப் போட்டுவிடுவதால்தான் இந்தக் குழப்பம். கணக்கெடுப்பு அட்டவணையில் மாநகராட்சியோடு சுற்றுப்புற ஊர்களையும் சேர்த்த நகர்ப்புறப் பகுதிக்கும் தனி எண் இருக்கும், அது மூன்றாவது வகை. கட்டுரையின் பக்கவாட்டில் வரும் தகவற்சட்டத்தில் எண்ணைப் போடும்போது அது எந்த எல்லைக்குரியது என்று அடிக்குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டால் அடுத்தவர் மாற்ற மாட்டார்.

ஒரே பொருள் பற்றிய பல மொழிக் கட்டுரைகளை ஓர் உருப்படியில் இணைக்கும் விக்கித்தரவையும் ஒருமுறை பாருங்கள். தமிழில் மாநகராட்சிக் கட்டுரையிலிருந்து மொழி இணைப்பைச் சொடுக்கினால் ஆங்கிலத்தில் நகரக் கட்டுரை திறக்கிறதா? அப்படியென்றால் இரண்டும் ஒரே உருப்படியில் மாட்டியிருக்கின்றன. பிரித்துச் சரியான உருப்படியில் சேர்த்த பிறகு தகவற்சட்டத்தைத் தொடுங்கள்.

ஓய்வுபெற்ற வருவாய்த் துறை அலுவலர், ஆத்தூர்: மாவட்ட மக்கள்தொகை வளர்ச்சியைப் பத்தாண்டு வாரியாக அட்டவணை போடுகிறேன். 1961-க்கு ஒரு புத்தகத்தில் ஒரு எண், இன்னொன்றில் மிகக் குறைந்த எண். அச்சுப்பிழையா ஐயா?

அச்சுப்பிழை அல்ல ஐயா. சேலம் கட்டுரைகளில் வரும் தவறுகளில் பாதி இந்த ஒரு வேரிலிருந்து முளைப்பவைதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி தனி மாவட்டமானது. 1961 கணக்கெடுப்பில் 'சேலம் மாவட்டம்' என்பது தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், நாமக்கல் எல்லாம் அடங்கிய பெரிய மாவட்டம். 1971 அறிக்கையிலோ பிரிவினைக்குப் பிந்தைய சேலம்தான் இருக்கும். பின்னாளைய அறிக்கைகள் வெளியாகும்போது, அன்றைய எல்லைக்கு ஏற்றபடி பழைய ஆண்டுகளின் எண்களையும் திருத்தித் தருவார்கள். நீங்கள் பார்த்த குறைந்த எண் அப்படித் திருத்திய எண். நாமக்கல் பிரிந்ததால் 1991-க்கும் இதே கதை.

அட்டவணை முழுவதையும் ஒரே அறிக்கையிலிருந்து எடுங்கள். 2011 அறிக்கையில் 1901 முதல் கொடுத்திருக்கும் பத்தாண்டு மாறுதல் அட்டவணையை வைத்தால், வரிசை முழுவதும் இன்றைய எல்லைக்குப் பொருந்தும். 'தற்போதைய எல்லைக்குத் திருத்திய எண்கள்' என்று அட்டவணைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். 1961-ஐ அந்த ஆண்டு அறிக்கையிலிருந்தும் 1971-ஐ அடுத்ததிலிருந்தும் எடுத்து ஒட்டினால், ஏதோ பெரும் பஞ்சம் வந்து பல லட்சம் சனம் காணாமல் போனது போலத் தெரியும்.

தேதியிலும் கவனம் தேவை. நாமக்கல் மாவட்டத்தைப் பிரித்தது 1996 ஜூலை 25, அது தனியாக இயங்கத் தொடங்கியது 1997 ஜனவரி 1. இரண்டு தேதிகளும் ஆவணங்களில் உண்டு, இரண்டுக்காகவும் மாறி மாறி அழித்தெழுதும் தொகுப்புப் போர் நடக்கும். அரசாணையின் தேதி, அரசிதழில் வெளியான தேதி, நடைமுறைக்கு வந்த தேதி மூன்றும் வேறுவேறாக இருக்கலாம். எது எதுவென்று வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அரசாணையை மேற்கோளாகக் கொடுத்தால் எண், நாள், துறை மூன்றும் வேண்டும். 'அரசாணைப்படி' என்று மொட்டையாக எழுதினால் யாராலும் சரிபார்க்க முடியாது.

போட்டித் தேர்வு மாணவர், ஓமலூர்: ராஜாஜி சேலம் மேயராக இருந்தார், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிறந்தார், 1937-இல் தமிழ்நாட்டு முதலமைச்சரானார் என்று எழுதியதை நீக்கிப் பழையபடி மீளமைத்துவிட்டார்கள். மூன்றுமே கையேட்டில் இருக்கிறதே அண்ணா?

கையேட்டில் இருப்பதுதான் சிக்கல் தம்பி. அது மனப்பாடத்துக்காகச் சுருக்கியது.

1917-இல் அவர் ஏற்றது சேலம் நகராட்சித் தலைவர் பதவி. 1866-இல் அமைந்த நகராட்சி 1994-இல்தான் மாநகராட்சி ஆனது, அதற்கு முன் சேலத்துக்கு மேயர் கிடையாது. அவர் பிறந்த தொரப்பள்ளி இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்த மாவட்டமே 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. 1878-க்கு 'சேலம் மாவட்டம், சென்னை மாகாணம்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம்' என்று சேர்ப்பதே முறை. 1937-இல் அவர் சென்னை மாகாணத்தின் பிரதமர். மாகாண அரசின் தலைவருக்கு அன்று வழங்கிய பதவிப் பெயர் அதுதான். 1952-இல் சென்னை மாநில முதலமைச்சர். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14.

மதுவிலக்கும் இப்படித்தான். 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது என்ற வரியில் 'சேலம் மாவட்டம்' என்ற சொல்லை இன்றைய மாவட்டக் கட்டுரைக்கு மட்டும் இணைத்தால் படிப்பவருக்குத் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் விட்டுப்போகும். குமாரமங்கலம் ஜமீன்தாராக இருந்து 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதன்மை அமைச்சராக இருந்த ப. சுப்பராயனுக்கும் இதே முறைதான்: அன்று சேலம் மாவட்டம், இன்று நாமக்கல்.

ஆசிரியை, ஏற்காடு: ஏற்காட்டைக் கண்டுபிடித்தவர் டேவிட் காக்பர்ன் என்று கட்டுரையில் இருக்கிறது. மாற்றலாமா?

மாற்றுங்கள் அம்மா. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்தவர் காக்பர்ன். சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தவர் என்ற அளவில் அவர் பெயர் நிற்கட்டும். மலையில் அதற்கு முன்பே மலையாளிப் பழங்குடியினர் ஊர்களோடும் கோயில்களோடும் வாழ்ந்தார்கள், ஆகவே 'கண்டுபிடித்தார்' என்பது விக்கிப்பீடியாவின் நடுநிலை நோக்குக்கு ஒத்துவராது. ஆட்சியர் செய்ததைச் செயலாகவே எழுதுங்கள்.

அந்தக் கட்டுரைகளில் இன்னொரு பிழையும் தேடிப் பாருங்கள். 'மலையாளி' என்ற சொல்லுக்கு இணைப்புத் தரச் சதுர அடைப்புப் போட்டால், இணைப்பு கேரளத்து மலையாளிகள் பக்கத்துக்குப் போய்விடும் வாய்ப்பு அதிகம். இணைப்பைப் பழங்குடிக் கட்டுரைக்குத் திருப்பி, வெளியில் தெரியும் சொல்லை மட்டும் 'மலையாளிகள்' என்று வையுங்கள். அவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லும் மரபை எழுதலாம், 'அவர்களின் மரபுவழிக் கதைப்படி' என்று சொல்லி, அச்சில் வந்த ஆய்விலிருந்து. ஊர்ப் பெரியவர் வாய்மொழியாகச் சொன்னதை நேராக மேற்கோளாக்க முடியாது.

அதே ஆசிரியை: ஏற்காடு சேலம் மக்களவைத் தொகுதியில்தானே வரும்?

வராது. 2008 தொகுதி மறுவரையறைப்படி ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி மூன்றும் கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதி. மேட்டூர் தருமபுரியில், சங்ககிரி நாமக்கல்லில். சேலம் மக்களவைத் தொகுதிக்குள் இருப்பவை ஓமலூர், எடப்பாடி, சேலம் மேற்கு, வடக்கு, தெற்கு, வீரபாண்டி. மாவட்ட எல்லையும் தொகுதி எல்லையும் ஒன்றல்ல. வருவாய் வட்டமும் ஊராட்சி ஒன்றியமும் ஒன்றல்ல. வட்டத்துக்கு வட்டாட்சியர், ஒன்றியத்துக்கு வட்டார வளர்ச்சி அலுவலர். ஒரே பெயரில் இரண்டும் இருந்தாலும் கட்டுரை இரண்டுதான்.

மறுவரையறையில் மறைந்த பனமரத்துப்பட்டி, தாரமங்கலம், தலைவாசல், சேலம் 1, சேலம் 2 தொகுதிக் கட்டுரைகளைப் புதிய தொகுதிக்கு வழிமாற்றிவிடாதீர்கள். அவை கடைசியாக வாக்களித்தது 2006-இல். முடிந்துபோன தொகுதியென்று முதல் வரியில் எழுதிவிட்டு, தேர்தல் முடிவுகளை அப்படியே காத்துவையுங்கள்.

கணினி மையம் நடத்துபவர், சூரமங்கலம்: வாக்கு எண்ணிக்கை அன்று இரவே முடிவைப் போட்டால் என்ன தப்பு?

போட்டி போட்டுக்கொண்டு போடுவார்கள், ஒரே நேரத்தில் பலர் சேமிப்பதால் தொகுப்பு முரண் வரும், மறுநாள் எண்ணும் மாறும். சுற்றுவாரி எண்ணில் அஞ்சல் வாக்கு சேர்ந்திருக்காமல் இருக்கலாம். இறுதிக் கணக்குப் படிவம் 20-இல் இருக்கிறது, வாக்குச்சாவடி வாரியாக. அது தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் வரும்வரை வெற்றி பெற்றவர் பெயரை மட்டும் செய்தித்தாள் மேற்கோளோடு போடுங்கள். விழுக்காடு கணக்கிடும்போது நோட்டாவைச் சேர்த்தீர்களா இல்லையா என்று குறிப்பிடுங்கள். நோட்டா 2013 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. அந்த டிசம்பரில் நடந்த ஏற்காடு இடைத்தேர்தலிலும் அது இருந்தது. அதற்கு முந்தைய முடிவுகளோடு ஒப்பிடும்போது இது இடிக்கும்.

பெயர் வேண்டாம் என்றவர், கொண்டலாம்பட்டி: எங்கள் வார்டு உறுப்பினரிடம் வேலை பார்க்கிறேன். அவருக்குக் கட்டுரை எழுதச் சொல்கிறார்.

எழுதாதீர்கள். மாநகராட்சியில் 60 வார்டுகள். வார்டு உறுப்பினர் என்பது மட்டுமே தனிக் கட்டுரைக்கு வேண்டிய குறிப்பிடத்தக்கமைக்குப் போதாது. சம்பளத்துக்குத் தொகுப்பதானால் உங்கள் பயனர் பக்கத்தில் யாருக்காக என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், அது விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதி. அவரைப் பற்றி ஏற்கெனவே ஏதாவது கட்டுரையில் தவறான வரி இருந்தால், அந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் ஆதாரத்தோடு கேளுங்கள், வேறொருவர் திருத்துவார்.

எதிர்க்கட்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வேட்புமனுவோடு வரும் படிவம் 26-இல் 'நிலுவையில் உள்ள வழக்கு' என்று இருப்பதை எடுத்து 'குற்றவாளி' என்று எழுதினால், நிர்வாகிகள் தடை போடத் தயங்கமாட்டார்கள். உயிரோடிருப்பவரைப் பற்றிய ஆதாரமற்ற வரியை விவாதம் இல்லாமலே நீக்கலாம்.

தொழிற்சங்கத்தில் இருப்பவர், மேட்டூர்: 1950 சேலம் சிறைத் துப்பாக்கிச்சூடு பற்றி 'தியாகிகள்' என்று எழுதினால் அழிக்கிறார்கள், 'கலவரக்காரர்கள்' என்று எழுதினால் நாங்கள் அழிக்கிறோம் தோழர்.

1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். இந்த வரியில் யாருக்கும் தகராறு இருக்காது, ஆகவே இதிலிருந்து தொடங்குங்கள். பிறகு அரசுத் தரப்பு விளக்கத்தை அரசுத் தரப்பு என்று சொல்லியும், கட்சி அவர்களைத் தியாகிகளாக நினைவுகூர்வதைக் கட்சி என்று சொல்லியும் எழுதுங்கள். விக்கிப்பீடியாவின் குரலில் இரண்டு சொல்லும் வேண்டாம். 1882 சேலம் கலவரத்துக்கும் அதில் தண்டிக்கப்பட்டு மேல்முறையீட்டில் விடுதலையான சி. விஜயராகவாச்சாரியார் பற்றிய பகுதிக்கும் இதே முறைதான். அது மதக் கலவரம் என்பதால், எந்தப் பிரிவினர் தொடங்கினார்கள் என்ற வரிக்கு வரலாற்றாய்வாளர் மேற்கோள் இல்லாவிட்டால் அந்த வரியே வேண்டாம்.

அழிப்பதற்கும் எல்லை உண்டு. 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் ஆங்கில விக்கியில் தடை. தமிழிலும் இரண்டாவது மீளமைப்போடு நிறுத்திவிட்டுப் பேச்சுப் பக்கத்துக்குப் போய்விடுவது நல்லது. அங்கும் தீராவிட்டால் தமிழ் விக்கியின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடி இருக்கிறது.

நூலகர், சங்ககிரி: பழைய மாவட்டக் கையேடுகளை மேற்கோள் காட்டலாமா? படங்களை எடுத்துப் போடலாமா?

1883-இல் வந்த லெ ஃபானுவின் சேலம் கையேடும் 1918-இல் வந்த ரிச்சர்ட்ஸின் சேலம் கெசட்டியரும் பதிப்புரிமை முடிந்த பொதுவுடைமை, படமும் எடுக்கலாம். பாகம், பக்க எண் கட்டாயம். ஆனால் 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் கம்பெனி அதிகாரிகளான கேப்டன் ரீடும் மன்றோவும் செய்த நில வரி ஏற்பாடுகளுக்கு அவை எவ்வளவு பயன்படுமோ, சாதிகள், பழங்குடிகள் பற்றிய வருணனைக்கு அவ்வளவு ஆபத்து. அவை ஆளவந்தவர்களின் பார்வை. இன்றைய ஆய்வு நூலோடு சேர்த்து வைத்தே எழுத வேண்டும்.

இன்றைய படங்கள் வேறு கதை. அரசு இணையதளத்தில் இருப்பதால் ஒரு படம் பொதுவுடைமை ஆகிவிடாது. நீங்களே எடுத்த படத்தை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். இந்தியச் சட்டப்படி பொது இடத்தில் நிலையாக இருக்கும் கட்டடத்தையும் சிலையையும் படமெடுத்து ஏற்றலாம், சுவரோவியம், விளம்பரத்தட்டி கூடாது. அரசுத் தள இணைப்புகள் அடிக்கடி செத்துப்போகும். மேற்கோளைச் சேர்க்கும் அன்றே இணையப் பக்கங்களின் படியைக் காக்கும் வேபேக் மெஷினில் சேமித்து அந்த முகவரியையும் போட்டுவிடுங்கள்.

விரிவுரையாளர், சேலம்: ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் வெளியிட விடமாட்டேன் என்கிறது. மாணவர்கள் நாற்பது பேரோடு உட்கார்ந்திருக்கிறோம்.

எந்திரம் தந்ததைத் திருத்தாமல் மிகுதியாக விட்டால் கருவி தடுக்கும், அது நல்லதுதான். பத்தி பத்தியாகத் தமிழில் திருப்பி எழுதுங்கள். எந்த ஆங்கிலக் கட்டுரையிலிருந்து என்று சேமிக்கும்போது எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் குறிப்பிட வேண்டும், உரிமம் அதைக் கேட்கிறது.

நாற்பது பேர் என்றால் முதல் தடை வேறு இடத்தில் வரும்: ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குகள்தான் தொடங்க முடியும். கல்லூரி ஆய்வகம் முழுவதும் ஒரே முகவரிதான். முந்தின நாளே அவரவர் கைப்பேசி இணையத்தில் கணக்குத் தொடங்கி வரச் சொல்லுங்கள். பொதுக்கணக்கு ஒன்றை எல்லாரும் பகிர்வது கூடாது. மணல்தொட்டி என்ற அவரவர் பயிற்சிப் பக்கத்தில் எழுதட்டும். ஒரே கட்டுரையில் பலர் வேலை செய்வதானால் ஆளுக்கு ஒரு பகுதி பிரித்து, முழுப் பக்கத்தையும் திறக்காமல் அந்தப் பகுதியின் 'தொகு'வை மட்டும் சொடுக்கி, நாலு வரிக்கு ஒருமுறை சேமிக்கச் சொல்லுங்கள். மாட்டிக்கொண்டால் ஒத்தாசைப் பக்கத்தில் கேட்கலாம்.