குடைக்கு மட்டும் காற்று அடிக்கவில்லையா?

கேள்வி: மே மாதக் கடலைக் கொழும்புக் காலிமுகத்திடலில் இருந்து நீர்வர்ணத்தில் கீறினேன். மேகமும் அலையும் சரியாக வந்தன. முன்னால் இரண்டு பேரை நிறுத்தியதும் படம் கெட்டுப்போயிற்று. ஒட்டி வைத்த மாதிரி இருக்கிறதாம். ஆட்களை அழித்துவிடவா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: அழிக்க வேண்டாம் தம்பி. அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கடல் கொந்தளிக்கிறது, உங்கள் இரண்டு பேரும் கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்பவர்கள் போல நிமிர்ந்து நிற்கிறார்கள். இருபது வயதில் நானும் இதே திடலில் குடை பிடித்த ஒரு பெண்ணைக் கீறினேன். படிப்பித்த ஆசிரியர் கேட்டது ஒன்றே ஒன்று: “இந்தக் குடைக்கு மட்டும் காத்து அடிக்கேல்லையோ?”

ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857இல் செய்த மரஅச்சுப் படம் ஒன்றில், திடீர் மழையில் ஒரு பாலத்தைச் சிலர் கடக்கிறார்கள். மழை என்பது மெல்லிய கறுப்புக் கோடுகள்தான். ஆனால் குடைக்கும் தொப்பிக்கும் அடியில் குனிந்து விரையும் முதுகுகளைப் பார்த்ததும் நமக்கே நனைகிறது. வான்கோ 1887இல் அதைப் பார்த்து எண்ணெய் வர்ணத்தில் வரைந்தார்.

அப்புறம், அளவு. உங்கள் ஆட்கள் தாளில் மூன்றில் ஒரு பங்கு உயரம். ஆங்கிலேய ஓவியர் டர்னரின் 1812ஆம் ஆண்டுப் படத்தில் பண்டைய கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹனிபால் படையோடு ஆல்ப்ஸ் மலையைக் கடக்கிறான். பனிப்புயல் சுழன்று அடிக்கிறது, தளபதியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஜெர்மனியின் பிரெடரிக் வரைந்த ‘கடலோரத் துறவி’ ஐந்தரை அடிக்கும் மேல் அகலம். துறவியோ விரல் அளவு. முதலில் கடலில் கப்பல்களும் வரைந்திருந்தார், பிறகு அவற்றை மூடிவிட்டார். ஆளை விட்டுவைத்தார், பாருங்கள்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது: மாலை நாலரைக்குத் திரும்பத் திடலுக்குப் போங்கள். இஸ்ஸோ வடை (இறால் வடை) விற்பவரைக் கவனியுங்கள். காற்றுக்கு முதுகைக் கொடுத்து, பறக்கும் பொலித்தீனை முழங்கையால் அமுக்கிக்கொண்டு காசு எண்ணுவார். அவரைச் சின்னதாக, வானத்தின் ஈரம் காய்வதற்குள் போடுங்கள். சட்டையின் ஓரம் மேகத்துக்குள் கொஞ்சம் கரையும். அதைத் துடைக்க வேண்டாம். சட்டைக்குப் புது நிறம் குழைக்கவும் வேண்டாம். வானத்துக்குக் குழைத்த சாம்பலே போதும்.

கேள்வி: அவ்வளவு சின்ன ஆளுக்கு முகம் வேண்டுமா?
- அதே வாசகர்

பதில்: வேண்டாம். மூடுபனிக்கு மேல் பாறையில் நிற்கும் பிரெடரிக்கின் பயணி, சுமார் 1818இலிருந்து நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார். வடைக்காரரும் கண்ணில் உப்புத்தண்ணீர் படாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தக் கழுத்துத் திருப்பத்தைக் கீறுங்கள்.