பாண்டியர் தலைநகருக்கு வருகிறவர்களுக்கு: கேள்வி பதில்

சித்திரை நெருங்கினால் மதுரைக்கு வருவதைப் பற்றி எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். மாசி வீதியில் பிறந்து வளர்ந்தவன், சுங்குடிச் சேலைக் கடை நடத்துகிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

சென்னை, குடும்பத்தோடு வருகிறவர்: காலையில் வந்து இறங்கி, அன்று ராத்திரியே ரயிலேறுகிறோம். எதை எதைப் பார்க்கலாம்?

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் டவுன்ஹால் ரோடு. ஆட்டோ வேண்டாம், நேராக நடந்தால் மேலக் கோபுரம் வந்துவிடும். குளித்துவிட்டு முதல் வேலையாகக் கோயிலுக்குப் போங்கள். பகல் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். இது தெரியாமல் பதினொன்றரைக்குக் கிளம்பி வந்து, உச்சி வெயிலில் கோபுரத்தடியில் குழந்தையோடு நிற்கிற குடும்பங்களைத் தினமும் பார்க்கிறேன். போனை உள்ளே கொண்டுபோக முடியாது. அதை ஒப்படைக்க ஒரு வரிசை, திரும்ப வாங்க ஒரு வரிசை. அறையிலேயே வைத்துவிட்டு வந்தால் நிம்மதி.

அப்புறம் திருமலை நாயக்கர் மகால். நீங்கள் பார்ப்பது முழு அரண்மனை இல்லை, கட்டியதில் கால்வாசிதான் மிச்சம். மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். மதுரை வெயிலில் மதியம் சுற்றுகிறவர் வெளியூர்க்காரர் என்று முகத்திலேயே எழுதியிருக்கும். சாயங்காலம் தெப்பக்குளம்.

ஆனால் ராத்திரியே ரயிலேறினால் பள்ளியறை பூஜையைத் தவறவிடுவீர்கள். சுந்தரேசுவரரின் பாதத்தைப் பல்லக்கில் வைத்து, மேளம் முழங்க, சாம்பிராணிப் புகைக்கு நடுவே அம்மன் பக்கம் தூக்கி வருவார்கள். பல்லக்கு உள்ளே போனதும் கதவு சாத்துவார்கள். பகல் கூட்டத்தில் தள்ளுமுள்ளுப் பட்டவர்கூட அந்த நேரத்தில் நின்று பார்க்கலாம். ஒரு ராத்திரி தங்குங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

பெங்களூரு: ஒரே நாளில் மதுரை, ராமேசுவரம், கொடைக்கானல் மூன்றையும் முடிக்க முடியுமா?

முடியாது. ராமேசுவரம் கிழக்கே சுமார் 170 கிலோமீட்டர், கொடைக்கானல் எதிர்த்திசையில் மலைமேல். மூன்றையும் கார் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், அதற்கு வீட்டிலேயே இருக்கலாம்.

கோவை வாசகி: கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் இருக்கின்றனவே. அந்தந்த மாதத்தில் அந்தந்த வீதியில் திருவிழாவா?

இப்படிக் கேட்டால் எழுதக் கை வரும். அடிப்படை அதுதான் அம்மா, ஆனால் இப்போது அப்படியே நடப்பதில்லை. சித்திரைத் தேர் சித்திரை வீதியில் ஓடாது, நான்கு மாசி வீதிகளில் ஓடும். மீனாட்சி கல்யாணம் முன்பு மாசி மாதத்தில் நடந்தது. திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றினார், தேர் பழைய வீதியிலேயே நின்றுவிட்டது.

உள்ளிருந்து வெளியே எண்ணுங்கள். ஆடி வீதி மதிலுக்கு உள்ளே. வெளியே வந்தால் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. அந்த வெளி வீதிப் பக்கம்தான் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. 1840களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் சொன்னார். காசுக்கு எங்கே போவது? இடித்துத் தூர்த்தவர்களுக்கு அந்த இடத்திலேயே மனை. நிலத்தை அளந்த மாரட் பேரில் மாரட் வீதி, வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரி பேரில் இன்னொரு வீதி. இன்று லாட்ஜ் தேடி நீங்கள் அலையும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி அதுதான். விளக்குத்தூணில் நின்று ஜிகர்தண்டா குடிக்கிறீர்களே, அந்தத் தூண் பிளாக்பர்னுக்கு நட்டது. தினமும் அந்த வழியாகப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது.

ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வெளி வீதியிலிருந்து உள்நோக்கி நடந்து பாருங்கள். கடைகள் திறக்கும் முன்பே கோலம் போட்டு முடித்திருப்பார்கள்.

திருப்பூர்: காரில் வருகிறோம். கோயில் பக்கம் நிறுத்த இடம் இருக்குமா?

சித்திரை வீதிகளில் வண்டி விடமாட்டார்கள். மாசி வீதியில் நுழைந்தால் அன்றைய பொழுது அங்கேயே போகும். தள்ளி எங்காவது போட்டுவிட்டு நடந்து வாருங்கள்.

துபாயிலிருந்து ஒரு தம்பி: லீவில் வருகிறேன். ஜிகர்தண்டா, கறி தோசை தவிர மதுரையில் என்ன சாப்பிடுவது?

பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, பாலெடுத்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சுவது. தள்ளுவண்டியில் பித்தளைப் பானை வைத்திருப்பார்கள். சூடாக, கெட்டியாக, மேலே தேங்காய்ப்பூ தூவிக் கொடுப்பார்கள். அதை நின்றுகொண்டே குடிக்கணும். ஜிகர்தண்டாவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதில் பாலும் நன்னாரி சர்பத்தும் கடல்பாசியும் நாக்கில் தனித்தனியாகத் தெரியணும். ஐஸ்கிரீமை மட்டும் அள்ளிப் போட்டால் அது வேறு சாமான்.

ராத்திரிப் பரோட்டாக் கடையில் கல்லுக்குப் பக்கத்து மேசையில் உட்காருங்கள். கொத்துப் பரோட்டா போடுகிறவரின் கைத்தாளம் இலவசம். இந்த ஊருக்கு ராத்திரி வியாபாரம் நேற்று வந்ததல்ல, சங்கப் பாட்டிலேயே மதுரையில் அல்லங்காடி, அதாவது ராத்திரிச் சந்தை, இருக்கிறது.

ஓசூர்: அண்ணே, காலையில் மதுரை பார்த்துவிட்டு மதியம் ராமேசுவரம் போய் ராத்திரி திரும்பலாமா?

பெங்களூருக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருச்சி, கல்லூரி மாணவர்: தங்கை மீனாட்சி கல்யாணத்துக்கு வந்த அழகர்மலைக் கள்ளழகர், முகூர்த்தம் முடிந்துவிட்டது என்று கோபித்துக்கொண்டு வைகை ஆற்றோடு திரும்பிப் போகிறார் என்கிறார்கள். அது உண்மைதானா?

ஊரே சொல்லும் கதை, என் அப்பத்தாவும் சொன்ன கதை. ஆனால் கோயில் நடைமுறை வேறு. மீனாட்சியைத் தாரைவார்த்துக் கொடுப்பவர் திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் பவளக்கனிவாய்ப் பெருமாள். அழகர் ஆற்றுக்கு வருவது, சாபத்தால் தவளையாகிப்போன மண்டூக முனிவருக்கு விமோசனம் கொடுக்க. அது முன்பு சோழவந்தான் பக்கம் தேனூரில் நடந்தது. அதையும் மீனாட்சி கல்யாணத்தையும் சித்திரையில் ஒன்றாக இணைத்தவர் திருமலை நாயக்கர். இரண்டு கூட்டமும் ஒரே ஊரில் கூடியதும் கதையும் ஒன்றாகிவிட்டது.

மேலூர்க்காரர்: அண்ணே, கள்ளழகர் எங்க சாமி. கோபம் இல்லையென்றால் வண்டியூர் வரைக்கும் போகிறவர், ஆற்றைத் தாண்டித் தங்கச்சி வீட்டு வாசலை ஏன் மிதிக்கவில்லை?

கெட்டிக்காரத்தனமான கேள்வி தம்பி. நானும் ஒன்று கேட்கிறேன். காலையில் மீனாட்சிக்குத் திருக்கல்யாணம் முடிந்த பிறகுதானே அழகர் மலையை விட்டே கிளம்புகிறார்? வீட்டிலிருந்து கிளம்பும்போதே முகூர்த்தம் தாண்டிவிட்டது. அப்புறம் ஆற்றங்கரையில் வந்து யாரிடம் கோபிக்கிறது?

மேலூர்க்காரர் மறுபடியும்: தாய்மாமன் லேட்டாக வந்துவிட்டுக் கோபிக்கிறதை நீங்கள் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததே இல்லையா?

பார்த்திருக்கிறேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

தேனூர் வாசகர்: இருவரும் சண்டை போடுங்கள். எங்கள் ஊர்த் திருவிழாவைத் தூக்கிக்கொண்டு போனதை மட்டும் யாரும் பேசாதீர்கள்!

நியாயம் ஐயா. வண்டியூர்ப் பக்கம் முனிவருக்கு மோட்சம் கொடுக்கும் மண்டபத்துக்கு இன்றும் தேனூர் மண்டபம் என்றுதான் பெயர். ஊர்ப்பெயராவது மிஞ்சியது.

திருநெல்வேலி: அழகர் பச்சைப் பட்டு உடுத்தினால் விளைச்சல் நன்றாக இருக்கும் என்பது?

நம்பிக்கை. அன்று காலை பட்டுக்காகக் காத்திருக்கும் விவசாயிகளின் முகத்தைப் பாருங்கள், போதும்.

இதே விஷயமாக இன்னும் பலர் எழுதியிருக்கிறீர்கள். கோபமா சாபமா என்பதை இதோடு நிறுத்திக்கொள்வோம். ஒன்றை மட்டும் காதில் வாங்குங்கள். ஆற்றில் இறங்கும் நேரத்துக்குக் கைக்குழந்தையோடு கரைக்குப் போகாதீர்கள். 2022இல் அந்த நெரிசலில் இருவர் இறந்தார்கள். முந்தின நாள், வருகிற அழகரை ஊர் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையில் நன்றாகப் பார்க்கலாம். தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறவர்கள், சலங்கை கட்டி ஆடுகிறவர்கள், வாசலுக்கு வாசல் மோர்ப்பந்தல், எல்லாம் இருக்கும். இல்லையென்றால் ராமராயர் மண்டபத்துத் தசாவதாரம். ராத்திரி முழுக்க அழகருக்கு அலங்காரம் மாறிக்கொண்டே இருக்கும், மண்ணில் துண்டை விரித்துக் குடும்பம் குடும்பமாகப் படுத்திருப்பார்கள். மதுரை மக்களை நெருங்கிப் பார்க்க அந்த ராத்திரிதான் சரி.

ஈரோடு: மல்லி வாங்கிப் போனால் வாடிவிடுகிறது. எப்படி வாங்குவது?

மலர்ந்த பூவை வாங்குகிறீர்கள் போல. விடியும் முன் பறித்து மாட்டுத்தாவணிச் சந்தைக்கு மொட்டாக வரும், அதைக் காலையிலேயே வாங்குங்கள். காம்பு நீளமாக, இதழ் தடிப்பாக இருக்கணும். ஈரமில்லாத வாழையிலையில் சுற்றுங்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். சாயங்காலம் தானே விரியும். முகூர்த்த நாளில் விலையைக் கேட்டு மயங்கி விழாதீர்கள், நான் பொறுப்பில்லை.

பாண்டிச்சேரி: செவ்வாய் தோஷத்துக்கு எந்தச் சன்னதியில் பரிகாரம்?

பட்டரைக் கேளுங்கள். எனக்குச் சேலை தெரியும்.

தஞ்சாவூர் ஆசிரியை: பிள்ளைகளோடு வருகிறோம். கோயிலுக்கு வெளியே எதைக் காட்டலாம்?

காலையில் கீழக்குயில்குடி சமணர் மலை. தாமரைக் குளத்தோரம் அய்யனார் கோயில், மேலே ஏறினால் பாறையில் தீர்த்தங்கரர்கள். வெயில் ஏறும் முன் இறங்கிவிடுங்கள். அப்புறம் கீழடி அருங்காட்சியகம், 2023இல் திறந்தது. அங்கே பானை ஓட்டில் கீறிய எழுத்துகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தங்கள் பெயரைத் தாங்களே கீறி வைத்தவர்கள் ராஜாக்கள் இல்லை. திரும்பும் வழியில் மேல மாசி வீதி. 1921 செப்டம்பரில் காந்தி மேல்சட்டையை விட்டு நாலு முழ வேட்டிக்கு மாறிய வீடு இன்று கதர்க் கடை. உள்ளே போய்ப் பார்க்கலாம். கோயிலைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், மதியம் நடை சாத்தியிருக்கும்.

சேலம்: எந்த பஸ் ஸ்டாண்டில் இறங்குவது? அங்கிருந்து மதியம் ராமேசுவரம் போய்...

தேனி, திண்டுக்கல், கோவைப் பக்கத்து பஸ் ஆரப்பாளையம். சென்னை, திருநெல்வேலிப் பக்கம் மாட்டுத்தாவணி. பெரியாரில் டவுன் பஸ். ராமேசுவரம் பஸ்ஸும் மாட்டுத்தாவணியில்தான். மறுநாள் காலையில் ஏறுங்கள்.