கவுன்சலரிடம் போனால் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமா?

தம்பி, மூன்று வாரமாகத் தூக்கமில்லை, டர்பனின் வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்துகொண்டே வகுப்புக்குப் போக முடியவில்லை, கவுன்சலரைப் பார்த்தால் சாட்ஸ்வர்த் வீட்டில் இருக்கும் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம் என எழுதியிருந்தீர்கள்.

அம்மாவுக்குத் தெரியவராது. உங்களுக்கு 18 முடிந்துவிட்டது; தென்னாப்பிரிக்காவின் 2003-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதாரச் சட்டப்படி அந்தப் பேச்சு ரகசியம். உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அப்பாவின் மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பீட்டில்) வெளி டாக்டரைப் பார்த்தால் கணக்கு விவரம் அவர் கைக்குப் போகலாம். வளாகத்து மாணவர் ஆலோசனை இலவசம், பில்லே கிடையாது. முதலில் அங்கேயே போங்கள்.

நானும் படிக்கிற காலத்தில் அந்தக் கதவை இரண்டு முறை தாண்டிப் போனவன்தான். மூன்றாம் முறை உள்ளே போனதும் ஒரு படிவம் தந்தார்கள், நூலில் கட்டிய பேனாவோடு. 'கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள்...' என்று கேள்விகள். நாலாவது கேள்வியிலேயே அழுதுவிட்டேன். அந்தக் கவுன்சலர் அம்மா டிஷ்யூவை நகர்த்தி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அதுவே போதுமாக இருந்தது.

அம்மா காவடி எடுக்கச் சொல்கிறாரா? எடுங்கள். இதற்கும் அதற்கும் சண்டையில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் நாளைவரை காத்திருக்க வேண்டாம். மனநல உதவி தரும் சடாக் (SADAG) அமைப்பின் 0800 567 567 எண்ணில் இரவிலும் எடுப்பார்கள்.

அப்புறம், விட்டுப்போன தேர்வைப் பற்றியும் கவுன்சலரிடம் கேளுங்கள். எனக்கு ஒரு கடிதம் தந்தார்கள், அதை வைத்துத்தான் பிறகு எழுதினேன்.