எல்லாரிடமும் ஒரே கண்டிப்புடன் இருப்பது நியாயமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 11 ஆண்டுகள் ஓவர்லாக் டெய்லராக இருந்த நான், ஆறு மாதங்களுக்கு முன் லைன் சூப்பர்வைசர் ஆனேன். பாரபட்சம் கூடாதென்று 22 பேரிடமும் ஒரே கண்டிப்புடன் இருக்கிறேன். ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று பார்க்கிறேன். அனுபவமுள்ள பேட்லாக் (மடிப்புத் தையல் மெஷின்) டெய்லர் அண்ணன் இப்போது முகம் கொடுத்தே பேசுவதில்லை. கைமடியாக (டெய்லருக்கு உதவியாளராக) இருந்து மெஷினுக்கு வந்த பெண்ணோ இரண்டு மாதமாகியும் தேறவில்லை. நான் எங்கே தவறுகிறேன்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பாரபட்சம் கூடாது என்ற எண்ணத்தை விட்டுவிடாதீர்கள். கூலி, விடுப்பு, டீ நேரம், மரியாதை ஆகியவற்றில் 22 பேருக்கும் ஒரே அளவுகோல்தான். ஆனால் எவ்வளவு சொல்லிக்கொடுப்பது, எவ்வளவு நெருங்கி நின்று பார்ப்பது, எந்த முடிவை அவர்களிடமே விடுவது என்பவை ஆளுக்கு ஆள் மாறத்தான் வேண்டும்.

1969ஆம் ஆண்டில் பால் ஹெர்சி, கென் பிளான்சார்ட் என்ற இரு அமெரிக்கர்கள் இதை ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார்கள். குறிப்பிட்ட ஒரு வேலையில் ஒருவருக்கு எவ்வளவு திறமையும் முனைப்பும் இருக்கின்றன என்பதைப் பொறுத்து, அவரை நடத்திச் செல்லும் முறையும் மாற வேண்டும் என்பது அதன் சாரம். ஆய்வுகள் அதை முழுமையாக உறுதிசெய்துவிட்டன என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'குறிப்பிட்ட ஒரு வேலையில்' என்பது லைனில் நிற்கும் உங்களுக்கு மிகவும் பயன்படும்.

அந்த அண்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான டி-ஷர்ட்டின் கீழ்மடிப்பை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அங்கே நீங்கள் பின்னால் போய் நிற்பது, இத்தனை ஆண்டு உழைப்பில் அவர் சேர்த்த கௌரவத்தைச் சந்தேகிப்பதாகவே அவருக்குப் படும். அதே அண்ணனிடம் லைக்ரா கலந்த துணி முதல்முறையாக வந்தால், துணியின் இழுவையும் நூலின் இறுக்கமும் வேறாகிவிடுவதால், அந்த வேலைக்கு அவரும் ஓரளவு புதியவரே. அப்போது முதல் 20 பீஸுக்கு நீங்கள் அருகில் இருப்பதை அவர் தவறாக எண்ண மாட்டார். ஒருவரை 'தேறியவர்', 'தேறாதவர்' என்று ஒரேயடியாக முத்திரை குத்திவிட்டால் இந்த வேறுபாடு நம் கண்ணில் படாமலே போய்விடும்.

அந்தப் பெண்ணுக்குத் தேவை கண்டிப்பு அல்ல, செய்முறை. தோள் இணைப்பு போன்ற ஒரே ஒரு வேலையை மட்டும் கொடுத்து, நீங்களே உட்கார்ந்து ஐந்து பீஸ் அடித்துக் காட்டுங்கள். பிறகு அவர் அடிக்கட்டும். பிழையை அந்த பீஸிலேயே சொல்லுங்கள். செக்கிங்கிலிருந்து மாலையில் மொத்தமாகத் திரும்பி வரும்போது சொன்னால், கை எங்கே தவறியது என்பது அவருக்கு நினைவிருக்காது. கை படிந்ததும் நீங்கள் விலகவும் வேண்டும். அதன் பிறகும் "அக்கா, இது சரியா?" என்று வந்து நின்றால், "உனக்கு எப்படித் தெரிகிறது?" என்று முதலில் அவரையே கேளுங்கள்.

இந்த மாற்றத்தைச் சொல்லாமல் செய்தால் அதுவே பாரபட்சமாகத் தோன்றும் என்பதால், யாரிடம் ஏன் அதிக நேரம் நிற்கிறீர்கள் என்பதை லைனில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அண்ணனிடம் மட்டும் வேலை தொடங்கும் முன் தனியாகப் பேசுங்கள்: "இனி இதுல நான் வந்து நிக்க மாட்டேங்கண்ணா, பீஸ் திரும்பி வந்தா மட்டும் பேசிக்கலாம்ங்க." அவர் பதில் சொல்லாவிட்டாலும், அன்று முழுவதும் அவர் மெஷின் பக்கம் போகாமல் இருங்கள்.