யாரென்றே தெரியாத கொலையுண்டவரின் பெயரைச் சாதாரண மனிதர்களால் கண்டுபிடிக்க முடியுமா?

காவல்துறை பல ஆண்டுகள் முயன்றும் அடையாளம் காண முடியாத ஒருவரை, பயிற்சியோ அதிகாரமோ இல்லாத ஆர்வலர்கள் கண்டுபிடித்தது உண்மையில் நடந்திருக்கிறதா, அல்லது அது வெறும் பொழுதுபோக்குதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடந்திருக்கிறது. அமெரிக்காவில் அடையாளம் தெரியாத சடலங்கள் தொடர்பான வழக்குகளை நீண்ட காலமாகப் படித்து வருகிறேன். ஆர்வலர்கள் வென்ற பல இடங்களில், அவர்கள் கொலையாளியைத் தேடி அலையவில்லை. காணாமல் போனவர்களின் விவரங்களையும் கண்டெடுக்கப்பட்ட உடல்களின் விவரங்களையும் அருகருகே வைத்து, பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இதற்கு நான் எப்போதும் முதலில் சொல்லும் உதாரணம் கென்டக்கி மாநிலத்தின் ‘டென்ட் கேர்ள்’ வழக்கு.

1968 மே 17 அன்று, ஜார்ஜ்டவுன் நகருக்கு வடக்கே, 25ஆம் எண் நெடுஞ்சாலையோரத்தில், கம்பங்களிலிருந்து கழற்றிப் போடப்பட்ட பழைய கண்ணாடி இன்சுலேட்டர்களைத் தேடிக்கொண்டிருந்த கிணறு தோண்டும் தொழிலாளி ஒருவர், கயிற்றால் கட்டப்பட்ட பச்சை நிறக் கித்தான் மூட்டை ஒன்றைக் கண்டார். உள்ளே ஒரு பெண்ணின் அழுகிய உடல் இருந்தது. கூடாரத் துணி போலிருந்த அந்தக் கித்தானை வைத்தே பத்திரிகைகள் அவருக்கு அந்தப் பெயரைச் சூட்டின. ஓவியம் வரைந்து வெளியிட்டும், ஊர் ஊராகத் துப்பு விசாரித்தும் பலன் கிடைக்கவில்லை. பிறகு ஜார்ஜ்டவுன் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு ஒரு கல் நடப்பட்டது. ஓவியர் வரைந்த முகமும் அதற்குக் கீழே சில வரிகளும் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றன: எங்கே கண்டெடுக்கப்பட்டார், ஏறத்தாழ எப்போது இறந்தார், வயது ஏறத்தாழ 16 முதல் 19, உயரம் 5 அடி 1 அங்குலம், எடை 110 முதல் 115 பவுண்டு, செம்பழுப்பு முடி, அடையாளம் தெரியவில்லை. காவல்துறைக் கோப்பில் இருக்க வேண்டிய விவரங்களைக் கல்லறையில் பொறித்து வைத்தவர்கள், வழிப்போக்கர் யாராவது படித்துவிட்டு அடையாளம் சொல்லமாட்டார்களா என்று எவ்வளவு ஏங்கியிருப்பார்கள்!

ஆனால் அந்தக் கல்லில் இருந்த வயதுதான் தேடலைத் திசைதிருப்பியது என்பது என் கருத்து. பதினாறிலிருந்து பத்தொன்பது என்று எழுதிவிட்டால், வீட்டைவிட்டு ஓடிப்போன பள்ளி மாணவியைத்தான் எல்லோரும் தேடுவார்கள். இத்தனைக்கும் உடலோடு ஒரு வெள்ளைத் துணியும் கிடைத்திருந்தது. அது குழந்தைக்குக் கட்டும் துணியாக இருக்கலாம் என்ற எண்ணம் பின்னாளில் வலுப்பட்டது. கைக்குழந்தையுள்ள தாய் ஒருத்தியை நினைத்துத் தேடியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கக்கூடும்.

டாட் மேத்யூஸ் என்பவர் டென்னசி மாநிலத்தின் லிவிங்ஸ்டன் ஊரைச் சேர்ந்த தொழிற்சாலை ஊழியர். உடலைக் கண்டெடுத்தவரின் மகளையே அவர் மணந்தார். மாமனார் வாயிலாகக் கேட்ட கதை அவரை விடவில்லை. இணையம் வீடுகளுக்குள் வரத் தொடங்கியதும், இரவு இரவாகக் காணாமல் போனோர் அறிவிப்புகளைப் புரட்டினார். 1998 ஜனவரியில், ஆர்கன்சாஸ் மாநிலத்திலிருந்து ஒரு பெண் தன் அக்காவைத் தேடி இட்டிருந்த குறிப்பு அவர் கண்ணில் பட்டது: பெயர் பார்பரா, பழுப்பு முடி, உயரம் சுமார் 5 அடி 2 அங்குலம், 1967இன் பிற்பகுதியிலிருந்து காணவில்லை, கடைசியாகப் பார்த்தது கென்டக்கியின் லெக்சிங்டன் பகுதியில். உடல் கிடந்த அதே 25ஆம் எண் நெடுஞ்சாலைதான் லெக்சிங்டன் வழியாகவும் செல்கிறது. அந்த மார்ச் மாதத்தில் உடல் தோண்டியெடுக்கப்பட்டது. தங்கையின் மரபணுவோடு ஒப்பிட்டதில், இறந்தவர் பார்பரா ஆன் ஹாக்மன் டெய்லர் என்பது ஏப்ரலில் உறுதியானது. இறந்தபோது அவருக்கு வயது 24. அவர் ஒரு தாய். மனைவி வேறொருவருடன் போய்விட்டதாக உறவினர்களிடம் சொல்லியிருந்த கணவர் மீது சந்தேகம் விழுந்தாலும், அவர் 1987இலேயே இறந்துவிட்டதால் யார் மீதும் வழக்கு நடக்கவில்லை.

மேத்யூஸின் திறமை எதில் இருந்தது என்று பாருங்கள். உயரத்தில் ஓர் அங்குலம் வித்தியாசம், முடியின் நிறத்தில் சிறு வேறுபாடு, வயதில் குறைந்தது ஐந்து ஆண்டு முரண்பாடு. இவற்றையெல்லாம் தாண்டி, ஊரும் காலமும் ஒத்துப்போவதை அவர் கவனித்தார். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் வயது, எடை, இறந்து எத்தனை நாளாயிற்று என்பவையெல்லாம் மதிப்பீடுகள். அழுகிய உடலில் அவை பெரிதும் தவறக்கூடும். பல்லில் அடைத்த சிமெண்ட், எப்போதோ முறிந்து கூடிய எலும்பு, அறுவைசிகிச்சைத் தழும்பு ஆகியவைதான் நம்பத்தக்கவை. தரவுத்தளத்தில் வயதுக் கட்டத்தை இறுக்கமாக நிரப்பித் தேடுகிறவர், தேடப்படும் ஆளைத் தன் கையாலேயே பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறார்.

அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,400 அடையாளம் தெரியாத உடல்கள் கிடைக்கின்றன என்றும், ஓராண்டு கழித்தும் அவர்களில் சுமார் 1,000 பேர் பெயரற்றே இருக்கின்றனர் என்றும் காணாமல் போனோர், அடையாளம் தெரியாதோர் பதிவுகளை வைத்திருக்கும், அந்நாட்டு நீதி அமைச்சகத்தின் ‘நேம்அஸ்’ அமைப்பு மதிப்பிடுகிறது. அதன் தரவுத்தளத்தில் பொதுமக்களும் தேடலாம். ‘டோ நெட்வொர்க்’ என்ற தன்னார்வ அமைப்பில், உறுப்பினர் ஒருவர் சொல்லும் பொருத்தத்தை ஒரு குழு அலசிப் பார்த்த பிறகே காவல்துறைக்கு அனுப்புகிறார்கள். மேத்யூஸ் பின்னாளில் இந்த இரண்டு அமைப்புகளிலும் பணியாற்றினார்.

பட்டியல்களை ஒப்பிடும் முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. 1981 ஏப்ரலில் ஒகையோ மாநிலத்தின் மயாமி மாவட்டத்தில், குஞ்சம் வைத்த மான்தோல் மேலங்கியுடன் சாலையோரம் கிடந்த கொலையுண்ட பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவரைக் காணவில்லை என்று முறைப்படி புகாரே பதிவாகியிருக்கவில்லை. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது பட்டியலில் அவர் பெயரே இல்லை. அவர் மார்ஷா கிங் என்று 2018இல் தெரியவந்தது, பத்திரமாக வைக்கப்பட்டிருந்த அவருடைய இரத்த மாதிரியால்தான். காவல்துறையின் வழக்கமான மரபணுப் பதிவு இருபது குறியிடங்களை மட்டுமே பார்ப்பதால், பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார் போன்ற நெருங்கிய உறவைத்தான் காட்டும். மரபணுவை வைத்துக் குடும்ப மரத்தைத் தேடும் வம்சாவளி முறையோ லட்சக்கணக்கான இடங்களைப் பார்த்து, ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட உறவுகள் வரை தொட்டுவிடும். 2017இல் தொடங்கப்பட்ட ‘டிஎன்ஏ டோ பிராஜெக்ட்’ தன்னார்வலர்கள், மக்கள் தங்கள் மரபணு விவரங்களைத் தாங்களே ஏற்றிவைக்கும் ‘ஜெட்மேட்ச்’ தளத்தில் கிடைத்த உறவினரிலிருந்து பாட்டன், பூட்டன் வரை மேலே ஏறி, பிறகு கிளை கிளையாகக் கீழிறங்கி, சில மணி நேரத்திலேயே அந்தப் பெயரை எட்டினார்கள். முப்பத்தேழு ஆண்டுகள் காத்திருந்த பெயர் அது.

தீங்கும் நடந்திருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, இணைய ஆர்வலர்கள் அதற்கு முன்பே காணாமல் போயிருந்த ஒரு மாணவரைக் குற்றவாளி என்று பெயர் சொல்லிப் பரப்பினார்கள். அவர் முற்றிலும் நிரபராதி, பிறகு சடலமாக மீட்கப்பட்டார். மகனைத் தேடித் தவித்துக்கொண்டிருந்த குடும்பத்தின் மீது வசைமழை பொழிந்தது. புகைப்படச் சாயலை வைத்துக்கொண்டு உறவினர்களுக்கு நேரடியாக எழுதுகிறவர்களை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. ஒரு பொருத்தம் தெரிந்தால், வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு, ஒத்துப்போகும் விவரங்களையும் ஒத்துப்போகாதவற்றையும் சேர்த்தே எழுதி, விசாரணை அதிகாரிக்கோ பிரேதப் பரிசோதனை அலுவலகத்துக்கோ அனுப்ப வேண்டும். ஏற்கெனவே ஒப்பிட்டு விலக்கப்பட்டவர்களின் பெயர்கள் நேம்அஸ் பதிவுகளில் பலவற்றில் உண்டு. அனுப்பும் முன் அதையும் பார்த்துவிடுங்கள்.

அமெரிக்காவில் வாழ்பவரானால், உங்கள் மரபணு விவரத்தை ஜெட்மேட்சில் ஏற்றி, விசாரணைகளில் ஒப்பிடச் சம்மதம் தெரிவித்தும் உதவலாம். ஜெட்மேட்சில் மரபணு விவரத்தை ஏற்றியவர்கள், தாங்களே சம்மதம் தெரிவித்தால்தான் கொலை விசாரணைகளில் அது ஒப்பிடப்படும் என்று 2019 மே மாதத்தில் விதி மாறியது. வீட்டில் யாரையாவது காணவில்லையென்றால், நெருங்கிய உறவினர்கள் காவல்துறை வழியாக மரபணு மாதிரி கொடுத்து வைக்கலாம். மாதிரி கொடுக்கக்கூடிய பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.