அப்பாவின் கை நடுக்கத்துக்கு 'நரம்புப் பாதை' ஸ்கான் எடுப்பதா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் கை நடுங்கும். சும்மா இருந்தால் நடுங்காது. எம்.ஆர்.ஐ. றிப்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. நரம்பியல் வைத்தியர் 'எசென்ஷியல் ட்ரெமர்' (கையைப் பாவிக்கும்போது வரும் நடுக்க நோய்) என்று சொல்லி, புரோப்ரனோலோல் மாத்திரை தொடங்கியிருக்கிறார். கனடாவில் இருக்கும் சித்தப்பா, மூளையின் நடுவிலுள்ள தலமஸ் வழியாகப் போகும் நரம்புப் பாதையைக் காட்டும் ஸ்கானை எடுங்கோ, காசு அனுப்புகிறேன் என்கிறார். கொழும்புக்குக் கூட்டிப்போவதா? (வாசகி, கொக்குவில்)

பதில்: இப்போது வேண்டாம். அந்த ஸ்கான் நோயைக் கண்டுபிடிப்பதற்கு அல்ல, சத்திரசிகிச்சையில் இடம் குறிப்பதற்கு.

இந்த நடுக்கத்தில் எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் சுத்தமாகத்தான் வரும். கையைப் பார்த்து, விபரம் கேட்டுத்தான் வைத்தியர் முடிவு செய்வார்.

சித்தப்பா சொல்வதும் எம்.ஆர்.ஐ.தான், ஆனால் அளப்பது வேறு. மூளைக்குள் நீர், நரம்பு இழைகளின் நீளப்பாட்டில் சுலபமாகப் பரவும். குறுக்கே அவ்வளவாகப் பரவாது. அதைப் பல திசைகளில் அளந்து கணினி ஒரு பாதையை வரைகிறது. திரையில் நிறம் நிறமாக வரும் கோடுகள் நரம்பின் படமல்ல, கணக்கின் விடை. படம் வலு வடிவாக இருப்பதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

நடுக்கத்துக்கு வேண்டிய பாதை சிறுமூளையில் தொடங்கி, நடுமூளையில் மறுபக்கம் தாண்டி, தலமஸில் 'விம்' என்ற சிறு கருவுக்கு (நரம்புக் கலங்களின் கூட்டம்) வந்து, அங்கிருந்து அசைவுக்கான மூளைப் புறணிக்குப் போகிறது. சத்திரசிகிச்சையில் குறிவைப்பது இந்த விம்மைத்தான். அதன் அகலம் சில மில்லிமீற்றர்தான், சாதாரண எம்.ஆர்.ஐ.யில் அதன் எல்லை பிடிபடாது. பின்னால் தொடு உணர்வுக்கான கரு, வெளிப்பக்கம் கை கால்களை அசைக்கும் பெரிய இழைக்கட்டு. குறி பின்னே தவறினால் விரல் விறைக்கும், வெளியே தவறினால் கை சோரும். 1987 இல் பிரான்சின் கிரனோபிளில் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் பெனாபிட்டின் குழு விம்மில் மின்முனை வைத்து நடுக்கத்தை அடக்கியபோது இப்படிப் பாதை வரையும் வசதி இல்லை. இன்று இருக்கிறது, ஆனாலும் துணைக்குத்தான். பாதை மறுபக்கம் தாண்டும் இடத்தில் இழைகள் ஒன்றையொன்று வெட்டிப் போவதால், எளிய கணிப்பு முறைகள் தாண்டாத பாதையையே வரைந்துவிடும். அதனால் இப்போதும் பல இடங்களில் ஆளை விழிப்பாக வைத்து, சுருள் கோடு கீறச் சொல்லி, நடுக்கம் குறைகிறதா என்று பார்க்கிறார்கள். ரொறன்ரோவில் மண்டையைத் திறக்காமல் அல்ட்ராசவுண்டைக் குவித்துச் செய்யும் முறையிலும் அப்படித்தான்.

சரி, இப்போது என்ன செய்வது? மாத்திரைக்கு நேரம் கொடுங்கள். அப்பாவுக்கு முட்டு வருத்தமோ (ஆஸ்துமா), நாடித்துடிப்பு குறைவோ இருந்தால் புரோப்ரனோலோல் சரிவராது. உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். நீங்களாகத் திடீரென நிறுத்தவும் வேண்டாம். இது பலிக்காவிட்டால் பிரிமிடோன் என்ற வேறு மருந்து இருக்கிறது. தைரொயிட் இரத்தப் பரிசோதனை செய்திராவிட்டால் அதையும் கேளுங்கள், அதற்குச் செலவு சொற்பம்.

மருந்துகள் தோற்று, கையால் சோறு சாப்பிடவும் முடியாமல் போனால் சத்திரசிகிச்சை பற்றிக் கதைக்கலாம். அப்போதும் ஸ்கானை முன்கூட்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சிகிச்சை செய்யும் குழு தன் இயந்திரத்துக்கும் மென்பொருளுக்கும் ஏற்றபடி அநேகமாகத் திரும்ப எடுக்கச் சொல்லும்.